பத்தாம் சுற்றுக்கு எழாதவர்

உக்ரைன் ஹெவிவெயிட் வீரர் விட்டாலி கிளிட்ச்கோ பேச்சு வந்தாலே எங்கள் குத்துச்சண்டை வட்டாரத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும். "நல்ல ஃபைட்டர்தான், இல்லேங்கல, ஆனா பர்ட் கிட்ட ஸ்டூல்லயே உட்கார்ந்துட்டானே." 2000 ஏப்ரல் 1ஆம் தேதி பெர்லினில் கிறிஸ் பர்ட்டோடு நடந்த சண்டை அது. தோள் கிழிந்து, சுற்றுகளுக்கு இடையே உட்காரும் ஸ்டூலிலிருந்து பத்தாம் சுற்றுக்கு எழாமல் விட்டாலி பட்டத்தை இழந்தார். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. அதற்கப்புறம் அந்த மனிதர் உலக ஹெவிவெயிட் பட்டத்தை மறுபடியும் இரண்டு தடவை பிடித்தார். 47 தொழில்முறைச் சண்டைகளில் 45 வெற்றி, அதில் 41 நாக்அவுட் என்று கணக்கை முடித்தார். குத்துச்சண்டை ரிங்கில் தொழில்முறை வீரராக ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை. 2014இலிருந்து கீவ் நகரின் மேயர், போர் வந்தபோதும் ஊரைவிட்டு நகரவில்லை. இவ்வளவுக்கும் பிறகும் அந்த ஸ்டூல் மட்டும் பேச்சைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், என் வேலையே அந்த ஸ்டூலோடுதான். வார இறுதிகளில் ஒரு சின்ன ஜிம்மில் பிள்ளைகளுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன். கோச் இல்லை. வாளி, ஐஸ், துண்டு, வாசலின், தண்ணீர் பாட்டில், இதெல்லாம் என் பொறுப்பு. மணி அடித்ததும் ஸ்டூலை உள்ளே வைப்பதும் அடுத்த சுற்றுக்கு முன் வெளியே இழுப்பதும் நான்தான். நடுவில் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் ஒரு பையனின் முகம் எவ்வளவு சொல்லும், எவ்வளவை மறைக்கும் என்பது அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் "உட்கார்ந்துட்டான்" என்று யாராவது போகிறபோக்கில் சொன்னால் என்னால் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

கிக்பாக்சிங்கிலிருந்து வந்த கை

விட்டாலி 1971இல் கிர்கிஸ்தானில் பிறந்தவர். அப்பா சோவியத் விமானப் படை அதிகாரி, ஆகவே ராணுவக் குடியிருப்புகளில் ஊர் ஊராக வளர்ந்த பிள்ளை. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின் அங்கே வேலைக்கு அனுப்பப்பட்டவர்களில் அந்த அப்பாவும் ஒருவர், 2011இல் புற்றுநோயில் இறந்துபோனார். மூத்தவர் விட்டாலி, இளையவர் விளாடிமிர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே காலத்தில் உலக ஹெவிவெயிட் பட்டங்களை வைத்திருந்தார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் மோதவே மாட்டோம் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றினார்கள். இந்தக் கதையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பலர் மறந்துபோவது, விட்டாலி முதலில் கிக்பாக்சர் என்பதை. அமெச்சூர், தொழில்முறை இரண்டிலுமாக ஆறு உலகப் பட்டங்கள் அவர் பெயரில் சொல்லப்படுகின்றன. 1992இல் பீலே ரீட் என்ற பிரிட்டிஷ்காரர் சுழன்று ஓர் உதை விட்டு அவரைச் சாய்த்தார். ரிங்கில் அவர் விழுந்ததைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் காலத்துக்குத்தான் போக வேண்டும். பிறகு குத்துச்சண்டைக்கு முழுசாக வந்தபோதும் கிக்பாக்சிங் அவர் உடம்பைவிட்டுப் போகவில்லை. உதையும் முழங்காலும் வரும் விளையாட்டில் தலையைக் குனிந்து உள்ளே போனால் முகத்துக்கு நேராக முழங்கால் வரும், அதனால் நிமிர்ந்து நின்று, இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்து தப்பிக்கத்தான் பழகுவார்கள். விட்டாலி குத்துச்சண்டையிலும் அப்படியேதான் நின்றார். 2.01 மீட்டர் உயரம், இடது கை கிட்டத்தட்ட இடுப்பருகே, தலை எப்போதும் எதிராளிக்கு எட்டாத தூரத்தில். கீழேயிருந்து எழும்பி வரும் அந்த இடது கையை எதிராளி பார்ப்பதற்குள் அது முகத்தில் இருக்கும். பார்க்க அழகாக இருக்காது, எந்தக் கோச்சும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று பிள்ளைகளிடம் சொல்லமாட்டார். ஆனால் அந்த ஆளை யாராலும் சரியாக அடிக்க முடியவில்லை.

அவரைக் குறை சொல்லியே ஆக வேண்டும் என்றால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. 1996இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி அட்லாண்டா ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தார். கால் காயத்துக்கு எடுத்த மருந்து என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அவர் இடத்தில் தம்பி போய்த் தங்கம் வாங்கி வந்தார். அது குற்றம், அதை யாரும் பூசி மெழுக வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் எங்கள் ஆட்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அவர்களுக்கு உறுத்துவது பெர்லின் மட்டும்தான்.

பெர்லினில் என்ன நடந்தது

அதுவரை விட்டாலி 27 சண்டை ஆடி 27லும் நாக்அவுட்டில் ஜெயித்திருந்தார். 1999 ஜூனில் லண்டனில் ஹெர்பி ஹைடை இரண்டாவது சுற்றிலேயே முடித்து டபிள்யூ.பி.ஓ. என்ற அமைப்பின் உலகப் பட்டத்தை எடுத்திருந்தார். பெர்லினில் எதிரே வந்தவர் கிறிஸ் பர்ட். வேறொருவர் ஆட முடியாமல் போனதால் கடைசி நேரத்தில் ஒப்புக்கொண்டு வந்தவர். 1992 பார்சிலோனாவில் மிடில்வெயிட் வெள்ளி வாங்கியவர், அதாவது பிறப்பிலேயே ஹெவிவெயிட் இல்லை. விட்டாலிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சின்னப் பையன் போலத் தெரிவார். ஆனால் அடி வாங்காமல் நழுவுவதில் அந்தக் காலத்து ஹெவிவெயிட்டுகளில் அவருக்கு ஈடாக இரண்டு பேரைச் சொல்வது கஷ்டம். குத்துபவர் கண்ணெதிரே இருப்பார், குத்து போய்ச் சேரும்போது இருக்கமாட்டார்.

இங்கேதான் தோள் வருகிறது. நம் தோள் மூட்டில் குழி ஆழமில்லாதது, அதில் மேற்கை எலும்பின் உருண்டையை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும். குத்து எதிராளியின் மேல் பட்டால் அங்கேயே அதன் வேகம் அடங்கிவிடும். காற்றில் போனால், அந்த வேகத்தை நிறுத்திக் கையைத் திரும்ப இழுக்க வேண்டிய சுமை முழுக்க அந்தச் சின்னத் தசைகள் மேல் விழுகிறது. பை அடிக்கும்போது வராத தோள்வலி, நிழலோடு குத்துப் பழகும்போது வருவது இதனால்தான், ஜிம்முக்குப் போகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் முழு பலத்தோடு விட்ட குத்தெல்லாம் காற்றில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பர்ட் அன்று இரவு முழுக்க விட்டாலியை அப்படித்தான் காற்றைக் குத்த வைத்தார். இடது தோளின் நாண் கிழிந்தது.

ஒன்பது சுற்று முடிந்தபோது நடுவர்கள் மூன்று பேரின் அட்டையிலும் விட்டாலிதான் முன்னால். இரண்டு பேர் 88க்கு 83, ஒருவர் 89க்கு 82. இன்னும் மூன்றே சுற்று. ரிங்கைச் சுற்றி ஓடியிருந்தாலே பட்டம் அவரிடம் இருந்திருக்கும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தவர் முடியாது என்று தன் ஆட்களிடம் சொன்னார், பத்தாம் சுற்றுக்கு எழவில்லை. பட்டம் பர்ட்டுக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் தம்பி விளாடிமிர் பர்ட்டை வென்று அதை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தார் என்பது வேறு கதை. அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் அன்றே முத்திரை குத்திவிட்டார்கள்: உடம்பு இருக்கிறது, நெஞ்சுரம் இல்லை.

அக்கா பையனின் இடது கை

இந்தப் பழைய சண்டை எனக்கு மறுபடி தலைவலியானது என் அக்கா பையனால். அவனும் இப்போது இங்கே பல பிள்ளைகள் செய்வதுபோல முதலில் கிக்பாக்சிங் சேர்ந்து, அப்புறம் குத்துச்சண்டை பக்கம் வந்தவன். ஆகவே அவனுக்கும் இடது கை தாழ்ந்தே இருக்கும். "கையைத் தூக்கு, கையைத் தூக்கு" என்று கோச் கத்திக்கொண்டே இருப்பார், அவன் ஒரு நொடி தூக்குவான், மறுபடி இறங்கிவிடும்.

ஜிம்களுக்கு இடையே நடந்த ஒரு சின்னப் போட்டியில் அவன் ஆடினான். முதல் சுற்று நன்றாகவே போனது. இரண்டாவது சுற்றில் அவன் இடது கை வழக்கத்தைவிட இறங்கியிருந்தது, முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் பழைய பழக்கம் என்றுதான் நினைத்தோம். கோச் வழக்கம்போலக் கத்தினார். மணி அடித்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவனின் வாயிலிருந்து பல்காப்பை எடுத்ததும் அவன் சொன்னது ஒன்றுதான்: "மாமா, கை மேல வரல." கோச் அவன் முன் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். வலது கை சரியாக மேலே போனது. இடது கை மார்பு உயரம்கூட வரவில்லை, அதற்குப் பதிலாகத் தோள்பட்டை மொத்தமும் காதை நோக்கி ஏறியது. அவன் முகத்தில் அப்போது வலிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தன் கை ஏன் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று அவனுக்கே புரியாத மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோச் நடுவரிடம் திரும்பிப் போதும் என்று சைகை காட்டினார். அவ்வளவுதான், முடிந்தது. உடை மாற்றும் இடத்தில் இடது கைத் துணியை அவனே பிரித்தான். வலது கைத் துணியைப் பிரிக்க இடது கை வேலை செய்யவில்லை, அதை நான்தான் சுற்றிச் சுற்றி எடுத்தேன்.

அப்புறம் நாலைந்து பேராக இங்கே சிங்கப்பூர் தேக்காவில் சாப்பிட உட்கார்ந்தோம். எங்களோடு எப்போதும் வரும் ஓர் அண்ணன் இருக்கிறார், வயது எழுபதைத் தாண்டும். ஃபேரர் பார்க்கில் குத்துச்சண்டை கொடிகட்டிப் பறந்த காலத்தில் பயிற்சி எடுத்தவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காகக் குத்துச்சண்டை ஆடி, 1974 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வாங்கி வந்த சையத் அப்துல் காதரைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு பற்று. தங்கமான மனிதர், பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் கிளவுஸ் வாங்கித் தருபவர். அவர்தான் பிராட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, எங்க காலத்துல தோள் வலிக்குதுன்னு யாரும் சொன்னதில்ல. வலிக்காத இடம் எதுன்னு கேட்டாதான் சொல்லத் தெரியும். மூக்குல ஒரு சொட்டு ரத்தம் இல்ல, முகத்துல ஒரு கீறல் இல்ல, பாதியில உட்காருறதா? கிளிட்ச்கோ மாதிரியில்ல இருக்கு." மேசையில் இருந்த இன்னொருவர் சிரித்துக்கொண்டே, "கெங் பண்றான் அண்ணே" என்றார்.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்குப் போய் வந்தவர்கள் எல்லாருக்கும், நோய் நடித்துத் தப்பிக்கிறவனைச் சொல்லும் அந்தக் "கெங்" எப்படிச் சுடும் என்று தெரியும். காலையில் உடம்பு சரியில்லை, ரிப்போர்ட் சிக் என்று வரிசையில் நிற்பவனை மற்றவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தே நூறு டிகிரிக் காய்ச்சலோடு ஓடியவர்களை எனக்குத் தெரியும். காலில் கட்டுப் போட்டு நொண்டி வந்தால் "பாவம்" என்பார்கள். முதுகு வலி என்று எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, வாங்கி வந்தால் சந்தேகம். வேலையிடத்திலும் அதே கதைதான். கண்ணுக்குத் தெரிகிற காயத்துக்குத்தான் நம் ஆட்களிடம் மரியாதை.

போகும்போது எம்ஆர்டி ரயிலில் பையன் கேட்டான், "மாமா, அந்தக் கிளிட்ச்கோ யாரு? நெசமாவே பயந்துட்டாரா?" அவன் பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே நடந்த சண்டை. பெயரே அவனுக்கு ஒரு திட்டாகத்தான் அறிமுகமாகியிருக்கிறது. அது எனக்குத் தாங்கவில்லை. சில நாளில் ஸ்கேன் எடுத்ததில் இடது தோளில் நாண் பாதி கிழிந்திருப்பது தெரிந்தது. அதை அண்ணனிடம் சொன்னேன். "சரி, கிழிஞ்சிருக்கலாம். கிளிட்ச்கோவுக்கும் கிழிஞ்சுதான் இருந்துச்சு. அதான் சொல்றேன், மூணு சுத்து தாக்குப்பிடிக்கலாமே" என்றார். கிழிந்தது பொய் என்று அவரும் சொல்லவில்லை, கிழிந்தாலும் எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் கட்சி.

ரத்தம் தெரிந்த சண்டை

அந்த வாரம் பையனை உட்கார வைத்து இரண்டு சண்டைகளையும் போட்டுக் காட்டினேன், பெர்லினையும் லாஸ் ஏஞ்சலிஸையும். 2003 ஜூன் 21, ஸ்டேப்பிள்ஸ் சென்டர், எதிரே லெனக்ஸ் லூயிஸ். லூயிஸோடு ஆட வேண்டியவர் வேறொருவர், அவருக்குக் காயம் என்றதும் ஏறக்குறைய இரண்டு வார அவகாசத்தில் விட்டாலி ஒப்புக்கொண்டார். இரண்டாவது சுற்றில் அவருடைய வலது கை பட்டு உலகச் சாம்பியன் தடுமாறுவதைப் பார்க்கலாம். மூன்றாவது சுற்றில் லூயிஸின் ஒரு குத்து விட்டாலியின் இடது கண்ணுக்கு மேல் கிழித்தது. அதிலிருந்து ஒவ்வொரு சுற்றும் முகம் சிதைந்துகொண்டே போகிறது. ஆறாவது சுற்று முடிந்ததும் மருத்துவர் வந்து பார்க்கிறார். விட்டாலி தலையைத் தூக்கும்போது மேல் இமை தொங்கி வந்து பார்வையையே மறைக்கிறது என்று கண்டு சண்டையை நிறுத்துகிறார். விட்டாலி வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறார், ரிங்குக்குள் கையை விரித்துக்கொண்டு அங்குமிங்கும் நடக்கிறார். அட்டைகளில் அப்போதும் அவர்தான் முன்னால், மூன்று நடுவர்களும் 58க்கு 56. அன்று அவர் முகத்துக்கு 60 தையல் போட்டார்கள் என்பார்கள். அரங்கமே அவருக்குக் கைதட்டியது, ஜெயித்த லூயிஸைப் பார்த்துக் கூச்சல் போட்டது. பெர்லினில் குத்திய முத்திரையை அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரே இரவில் அழித்துவிட்டு மாவீரன் என்று எழுதின.

பையன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "இதுலயும் இவர் தோத்துட்டாருல்ல மாமா, அப்புறம் ஏன் கைதட்டுறாங்க?"

அதற்கப்புறம் நான் இந்த விஷயத்தை வேறு எப்படியும் பார்க்க முடியவில்லை. ஒரே ஆள். இரண்டு சண்டையிலும் புள்ளியில் முன்னால் இருந்தார். இரண்டு சண்டையும் உடம்பு கெட்டுப்போனதால் நின்றன. ஒன்றில் கிழிந்தது தோலுக்கு அடியில், இன்னொன்றில் தோலே கிழிந்தது. முதலாவதில் கோழை, இரண்டாவதில் வீரன். லாஸ் ஏஞ்சலிஸில் அவர் ஆட வேண்டும் என்று கெஞ்சினார், பெர்லினில் தானே நிறுத்தினார், அது பெரிய வித்தியாசம் இல்லையா என்று அண்ணன் கேட்பார், கேட்டும் விட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், வெட்டுக்காயத்தை மருத்துவர் பார்க்கிறார், நடுவர் பார்க்கிறார், டிவியில் உலகமே பார்க்கிறது. நிறுத்துவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், ஆகவே வீரர் வேண்டாம் என்று கத்தலாம், கத்துவதால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. உள்ளே கிழிந்த தோளைப் பார்ப்பது யார்? அதை அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் வாயைத் திறக்காவிட்டால் அது யாருக்கும் தெரியாது. லூயிஸ் சண்டையில் மருத்துவர் செய்த வேலையைத்தான் பெர்லினில் அவர் தானே செய்துகொண்டார்.

வாயைத் திறக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹெவிவெயிட்டிலேயே ஒரு பெயர் இருக்கிறது, மகோமெட் அப்துசலாமோவ். தாகெஸ்தான்காரர். 18 சண்டை, 18லும் நாக்அவுட் வெற்றி. 2013 நவம்பர் 2ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் மைக் பெரஸோடு பத்து சுற்றும் ஆடி முடித்தார், புள்ளியில் தோற்றார். முகம் வீங்கியிருந்தது, எலும்பு முறிந்திருந்தது, ஆனாலும் எழுந்து எழுந்து போனார். என்ன நெஞ்சுரம் என்றுதான் அன்று பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். மூளையில் ரத்தம் கட்டியிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. மருத்துவமனைக்கு டாக்சியில் போனார். கோமாவிலிருந்து மீண்டபோது நடக்க முடியாத மனிதராக இருந்தார். நியூயார்க் மாநிலம் 2017இல் அவர் குடும்பத்துக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 27 நாக்அவுட்டோடு வந்து உட்கார்ந்தவரையும் 18 நாக்அவுட்டோடு வந்து உட்காராதவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். அதே 2017இல், செப்டம்பர் மாதம், இங்கே மரீனா பே சாண்ட்ஸில் நடந்த ஒரு முவே தாய் (தாய்லாந்துக் கிக்பாக்சிங்) சண்டையில் ஆடிய 32 வயது உடற்கட்டழகு வீரர் சண்டை முடிந்ததும் சரிந்து அன்றிரவே இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது. கல்லில் செதுக்கியது போன்ற உடம்பு அவருக்கு. அந்தச் செய்தி வந்த நாட்களில் எங்கள் ஜிம்மில் யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அது சீக்கிரம் மறந்துபோகிறது, "கெங் பண்றான்" மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

அதே தோள், 12 ஆண்டு கழித்து

விட்டாலி பிறகு ஆடியதையெல்லாம் இங்கே வரிசையாகச் சொல்லப் போவதில்லை. 2004இல் கோரி சாண்டர்ஸை எட்டாவது சுற்றில் நிறுத்தி டபிள்யூ.பி.சி. என்ற இன்னோர் அமைப்பின் உலகப் பட்டம், 2005இல் முழங்கால் கெட்டு ஓய்வு, கிட்டத்தட்ட நான்கு ஆண்டு சண்டையே இல்லாமல் இருந்துவிட்டு 2008 அக்டோபரில் சாமுவேல் பீட்டரை வென்று அதே பட்டம் மறுபடியும். அன்று எட்டாவது சுற்றுக்குப் பிறகு ஸ்டூலிலிருந்து எழாதவர் பீட்டர். விட்டாலி அதற்காக அவரைக் கேலி செய்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

எனக்கு முக்கியம் 2012 பிப்ரவரி 18, மியூனிக். எதிரே டெரெக் சிசோரா. இந்தச் சண்டை என்றாலே எல்லாருக்கும் நினைவிருப்பது எடை பார்க்கும் நிகழ்ச்சியில் சிசோரா விட்டாலியை அறைந்தது, ரிங்கில் விளாடிமிர் முகத்தில் தண்ணீரைத் துப்பியது, முடிந்தபின் இன்னொரு பிரிட்டிஷ் வீரரான டேவிட் ஹேயோடு கட்டிப்புரண்டது. இந்தக் கூத்தில் ஒரு விஷயம் அடிபட்டுப் போய்விட்டது. அன்று விட்டாலிக்கு இடது தோளில் மறுபடி தசைநார் கிழிந்தது. வயது 40. பெரும்பாலும் வலது கையை மட்டும் வைத்துக்கொண்டே 12 சுற்றும் ஆடி 118க்கு 110, 118க்கு 110, 119க்கு 111 என்று ஜெயித்தார். பிறகு நேராக மருத்துவமனைக்குப் போனார்.

அப்படியென்றால் பெர்லினிலும் முடிந்திருக்குமே, இதைத்தான் அண்ணனும் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெர்லினில் அவருக்கு 28 வயது. தோள் எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது, இன்னும் மூன்று சுற்று ஆடினால் திரும்ப ஒட்டவைக்க முடியுமா என்று அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து யாருக்கும் தெரிய வழியில்லை. எதிரே ஒரு கையால் பிடிக்கவே முடியாத பர்ட். மியூனிக்கில் அவருக்குத் தன் உடம்பு அத்துப்படி. முதுகு, முழங்கால், தோள் என்று எல்லாம் அறுவைக்கும் கட்டுக்கும் பழகியது, இன்னும் ஒன்றிரண்டு சண்டைதான் பாக்கி என்று அவருக்கே தெரிந்திருக்கும். எதிரே முன்னால் முன்னால் வந்து வலது கைக்குச் சிக்குகிற சிசோரா. இது என் கணிப்பு, அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்: மியூனிக்கில் தாக்குப்பிடித்த தோள், பெர்லினில் நிறுத்தியதால் மிஞ்சிய தோள். அன்று மூன்று சுற்றுக்காக அதை முழுசாக இழந்திருந்தால் லூயிஸோடு அந்த ஆறு சுற்று இல்லை, சாண்டர்ஸ் இல்லை, பீட்டர் இல்லை, சிசோராவும் இல்லை. இன்று நாம் கொண்டாடும் கிளிட்ச்கோவே இல்லாமல் போயிருக்கலாம்.

அண்ணன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "நீ சொல்றது சரிதான் தம்பி, இருந்தாலும் பட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு விடுறதுக்கு மனசு எப்படி வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல" என்றார் போன வாரம்கூட. ஆனால் பையனிடம் இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவனுக்கு அறுவை வேண்டாம், பயிற்சியில் சரியாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ரப்பர் பட்டையைக் கதவுப்பிடியில் மாட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து மெதுவாக வெளியே இழுக்கிறான், அலுப்புத் தட்டும் வேலை, அண்ணன் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவரே எண்ணிச் சொல்கிறார். நானும் கோச்சும் பேசி ஜிம்மில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். ஒவ்வொரு சுற்றுக்கு இடையிலும் தண்ணீர் கொடுத்ததும், பல்காப்பைத் திரும்ப வாயில் வைப்பதற்கு முன், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டச் சொல்கிறேன். ஸ்பாரிங்கிலும் அப்படித்தான், போட்டியிலும் அப்படித்தான். ஒரு கை பாதியில் நின்றால் நான் ஸ்டூலை எடுப்பதில்லை.